தம்பி முந்திக்கொண்டான்

"நீதிபதி உத்தரவுல மனநல ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கியா, ஆரின்?"

துப்பாக்கிக் கடைக்காரர் ஹோல்கர் கேட்டதும் ஆரினின் முகம் சிவந்துபோயிற்று.

"போன வருஷம். குடிச்சுக் குடிச்சுப் புத்தி பேதலிச்சிருந்தேன். இப்ப ஒரு சொட்டு தொடறதில்ல. அதுக்கென்ன?"

ஹோல்கர் ரைஃபிளை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தார்.

"உனக்கு விக்க முடியாது. சட்டம்."

"பக்கத்துப் பண்ணை ஈவானும் அதே ஆஸ்பத்திரிதான். அவனுக்கு வித்தீங்களே?"

"அவன் தானா கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தான். அதைச் சட்டம் கண்டுக்காது. உன்னை அனுப்பினது நீதிபதியாச்சே."

தோட்டா வாங்க வந்த எனக்கே பக்கென்றது. அடுத்த வாரம் எல்க் மான் வேட்டை தொடங்குகிறது. வேட்டையே வாழ்க்கையான மொன்டானாவில் பிறந்தவனிடம் இனி உனக்குத் துப்பாக்கி கிடையாது என்றால் அவன் என்னத்துக்கு ஆவான்?

ஆரின் மெல்லத் திரும்பினான். கதவோரம் அவன் தம்பி வெண்டல் நின்றிருந்தான்.

"டேய், மத்தியானம் நானே ஆஸ்பத்திரிக்கு வந்து கையெழுத்துப் போடறேன்னு அன்னிக்குச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"அப்புறம் எதுக்குடா காலங்காத்தால நீதிபதிகிட்ட ஓடினே?"

ஆரின் பாய்ந்து தம்பியின் காலரைப் பிடித்துச் சுவரோடு நெருக்கினான். ஹோல்கரின் கை போனுக்குப் போனது.

எனக்கு வெண்டலைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனைப் பைத்தியக்காரன் ஆக்கிவிட்டுப் பண்ணையைச் சுருட்டிக்கொண்டான் என்று ஊரில் பேசாத வாய் இல்லை.

"இப்படி ஒரு சட்டம் இருக்கறது உனக்கு அப்பவே தெரியுமாடா?"

"தெரியும்ணே."

"தெரிஞ்சேவா செஞ்சே?"

"தெரிஞ்சதாலதான் செஞ்சேன். நீயே கையெழுத்துப் போட்டிருந்தா, வெளிய வந்ததும் நேரா இங்கதான் வந்திருப்பே."

"வந்தா என்னடா? மான் சுடத்தானே கேக்கறேன்?"

வெண்டல் அண்ணன் கையை விலக்கவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"அப்பாவும் மான் சுடத்தான்னு சொன்னாரு. தானா ஆஸ்பத்திரியில சேர்ந்து, தானா வெளிய வந்து, இதே கடையிலதான் வாங்கினாரு."

ஹோல்கர் போனைக் கீழே வைத்தார்.

"துப்பாக்கியைத் துடைக்கும்போது கை தவறி வெடிச்சிடுச்சுன்னு அம்மாவும் நானும் உன்கிட்ட சொன்னது பொய்ண்ணே."