எரியாத பந்து

ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் டீச்சரோடு வட்டமாகக் கைகோத்து நின்றார்கள். வட்டத்தின் இரு முனையில் நின்றவர்கள் பிளாஸ்டிக் பந்திலிருந்த தகடுகளைத் தொட்டதும், பந்துக்குள் விளக்கு எரிந்தது.

“நாமதான் ஒயர். ஒருத்தர் கையை விட்டாலும் கரண்ட் பாயாது,” என்றார் டீச்சர்.

அந்த நேரம் பார்த்துத்தானா ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்க்கவேண்டும்! டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை.

“சாரும் வாங்க!” குழந்தைகள் அவரை இழுத்துவந்து டீச்சர் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

பந்து எரியவில்லை.

“பேட்டரி தீர்ந்திருக்கும்,” என்று நழுவப் பார்த்தார் ஹெட்மாஸ்டர்.

“இப்பதானே எரிஞ்சுது!” ரெட்டைச்சடைக்காரி விடுவதாக இல்லை. ஒவ்வொரு கையாகச் சோதித்துக்கொண்டே வந்தவள் டீச்சரிடம் வந்து நின்றாள்.

“மிஸ், நீங்க சார் கையைப் பிடிக்கவே இல்ல. சட்டையைத்தான் பிடிச்சிருக்கீங்க. துணியில கரண்ட் போகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

டீச்சருக்குக் காது சிவந்தது. “அது வந்து... பெரியவங்க கையை அப்படியெல்லாம்...”

“கரண்டுக்குப் பெரியவங்க, சின்னவங்க தெரியுமா மிஸ்?”

வேறு வழியில்லாமல் டீச்சர் அவர் விரலைப் பிடித்தார். பந்து பளிச்சென்று எரிந்தது. எல்லாரும் கைதட்டப்போய், எரிந்த வேகத்தில் அணைந்தது.

ஹெட்மாஸ்டர் மட்டும் கையை விடவில்லை. குனிந்து கிசுகிசுத்தார்: “பாத்ரூம் லைட்டை ஆஃப் பண்ண மறந்ததுக்கா இத்தனை நாளா பேசாம இருப்ப?”

“ஐயோ, விடுங்க, பசங்க பாக்குறாங்க. வீட்டுல பேசிக்கலாம்,” என்றார் டீச்சர், புருஷனின் கையை விடாமல்.