பேட்டரி மேல் பழி

மலைக்கிராமங்களுக்குப் பிரசவம் பார்க்கப் போகும் நர்ஸ் ஜெசிந்தாவின் பழைய ஜீப், பல நாள் காலையில் கிளம்ப மறுத்தது.

"பேட்டரிதான் சோம்பேறி. மாத்துங்க!" என்று ஹாரன் கத்தியது. இரண்டு பேட்டரிகளை மாற்றியாயிற்று. மூன்றாவதும் சீக்கிரமே படுத்துவிட்டது.

"இதைத் தூக்கிப் போட விடமாட்டேன்," என்றது மெக்கானிக்கின் டெஸ்ட் விளக்கு. சாவியை எடுத்த பிறகு, பேட்டரி வயரைக் கழற்றி நடுவில் அதை இணைத்தார்கள். அது எரிந்தது.

"வண்டி தூங்கும்போது யாரோ கரண்ட் குடிக்கிறீங்க. ஃபியூஸ்களே, ஒவ்வொருத்தரா வெளியே வாங்க."

ஃபியூஸ்கள் ஒவ்வொன்றாக இறங்கின. விளக்கு அணையவில்லை.

"வீண் வேலை," என்றது ஹாரன்.

"விட்டுடுப்பா. எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு," என்றது பேட்டரி.

"இன்னும் ஒருத்தர் பாக்கி இருக்கார்," என்றது விளக்கு.

டாஷ்போர்டு பெட்டிக்குக் கரண்ட் தரும் கடைசி ஃபியூஸ் இறங்கியதும் விளக்கு அணைந்தது. டாஷ்போர்டு பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தாததால், உள்ளே இருந்த குட்டி பல்பு ராத்திரியெல்லாம் எரிந்திருக்கிறது.

"என்னை யாரும் அணைக்கலையே," என்றது பல்பு பாவமாக.

மூடியைச் சரிசெய்து, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றினார்கள். மறுநாள் காலை ஜெசிந்தா சாவியைத் திருப்பிய உடனே ஜீப் உறுமிக் கிளம்பியது.

"பேட்டரி தங்கமானதுன்னு நான் அப்பவே சொன்னேனே!" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டு போனது ஹாரன்.