எஞ்சினுக்கு விக்கல்

பழைய டீசல் ஹோஸை இசக்கிமுத்து உருவியபோது அது அவன் கையில் கருவாடு மாதிரி விறைத்து நின்றது. நடுவில் மயிரிழை வெடிப்பு.

அதன் வழியாகக் காற்றுப் புகுந்துதான் எஞ்சினுக்கு இத்தனை நாளாக விக்கல். மூன்று அடி சரியாக அடிக்கும். நான்காவதை விழுங்கும்.

"யாரோ நெனச்சிக்கினே இருக்காங்கய்யா இத" என்பார் மேஸ்திரி தனகோட்டி, வருகிறவன் போகிறவனிடமெல்லாம்.

அது மீன்பிடி லாஞ்சு ஒன்றின் எஞ்சின். காண்ட்ராக்டர் கடலூர்த் துறைமுகத்தில் ஏலத்தில் எடுத்து வந்து, கடல் வாடையே அடிக்காத நெய்வேலியில், சுரங்கத்து ஓரம் தண்ணீர் இறைக்க உட்கார வைத்திருந்தார். வந்து எட்டு மாதம். ஒரு கிளிப்பைக்கூட மாற்றியதில்லை.

புது ஹோஸும் ஃபில்டரும் இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தன. இன்று வியாழக்கிழமை வேறு.

வியாழக்கிழமைதான் கடலூரிலிருந்து கனகம் வருவாள். குவார்ட்டர்ஸ் பக்கம் கருவாடு விற்றுவிட்டு, சாயங்காலம் இந்த எஞ்சின் கொட்டகைக்கு வெளியே கூடையை இறக்கி அரைமணி நேரம் உட்காருவாள். பஸ் ஸ்டாண்டு எதிர்த்திசையில் ஒரு மைல். அவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு ஒருத்தி வருகிறாள் என்றால், உள்ளே இருக்கிற மெக்கானிக் என்ன நினைப்பான்?

முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். வெட்கம் என்று இசக்கிமுத்து முடிவு கட்டியிருந்தான்.

இன்று பேசிவிடுவது. விக்குகிற எஞ்சினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்த மெக்கானிக் பெண் கேட்க முடியும்?

புது ஹோஸை மாட்டினான். ஃபில்டரை மாற்றினான். நுரை அடங்கி டீசல் தெளிவாக வரும்வரை கைப்பம்பை அழுத்தி ஏர் எடுத்தான்.

ஸ்டார்ட் செய்தான். ஒரு அடி பிசகவில்லை.

இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினான். தலை சீவினான்.

கனகம் வந்தாள். கூடையை இறக்கவில்லை. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவனிடம் வாய் திறந்தாள்.

"அண்ணே, அந்த எஞ்சின வித்துட்டீங்களா?"

அண்ணே.

"அதேதான். ஹோஸ மாத்தியிருக்கேன்" என்றான்.

"எங்க வூட்டுக்காரரு லாஞ்சுல இருந்ததுங்க. அந்த விக்கல் தொலவுல கேட்டாத்தான் ஒல வெப்பேன். ஹோஸ மாத்துய்யான்னா, அடுத்த நடைக்கு மாத்திக்கலாம்னு சொல்லிக்கினே இருந்தாரு." கூடையைச் சரிசெய்துகொண்டாள். "ஒரு நாளு கடல்லேர்ந்து லாஞ்ச மட்டும் இழுத்துக்கினு வந்தாங்க."

திரும்பி நடந்தாள்.

"கொஞ்சம் இருங்கம்மா" என்றான் இசக்கிமுத்து.

எஞ்சினை நிறுத்தினான். குப்பை டின்னுக்குள் கையை விட்டான். கழுவிய கை மறுபடி கறுப்பானது. பழைய ஹோஸை மாட்டிக் கிளிப்பை இறுக்கினான். ஏர் எடுத்தான், ஒப்புக்கு.

மூன்று அடி. ஒரு விக்கல்.

கனகம் கூடையை இறக்கினாள். எப்போதும்போல அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

அவள் முகம் இருந்த பக்கம்தான் கடல்.