ஸுஹைறா இழந்த இருபத்தி மூன்று பேர்

“போன மாசம் ஒங்கட கையால மட்டும் இருபத்தி மூணு பேர் சந்தாவ விட்டுட்டுப் போயிரிக்காங்க, ஸுஹைறா. மத்தவங்களுக்கு நாலு, அஞ்சு. ஒங்களுக்கு எப்பிடி இருபத்தி மூணு?”

ஹிஷாம் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான்.

“தெரியா சேர். எல்லாரோடயும் கதைக்கிற மாதிரித்தான் கதைக்கிறன்.”

கல்முனையில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். பங்குச்சந்தையைப் பற்றி ஆக்கள் பேஸ்புக்கிலும் பத்திரிகையிலும் எழுதுவதையெல்லாம் கணினி வாசிக்கும். இன்றைக்கு அவர்கள் மனதில் இருப்பது பயமா, நம்பிக்கையா என்று காலையிலேயே போனுக்கு அனுப்பும். பயமென்றால் சிவப்பு, நம்பிக்கையென்றால் பச்சை. அதற்கு மாதச் சந்தா.

கம்பனி கொழும்பில். தமிழ் பேசும் சந்தாதாரர்களுக்குப் பதில் சொல்வது இந்தக் கிளை. பொறுப்பாளர் ஹிஷாம். மருதமுனையில் இருந்து ஒலுவில் வரை கூட்டம் வைத்து, ஆயிரம் பேருக்கு மேல் சேர்த்தவனும் அவன்தான்.

“கொழும்பில இருந்து விளக்கம் கேக்கிறாங்க. உண்மையச் சொல்லுங்க. வேற கம்பனிக்கு ஆள் அனுப்புறீங்களா?”

“அல்லாஹ்வே! இல்ல சேர்.”

“அப்ப ஏன் போறாங்க?”

அவள் எழும்பித் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

ஹிஷாமுக்கு அதுதான் புதிராக இருந்தது. விட்டுப் போனவர்களில் ஒருவர்கூட அவளைப் பற்றி முறையிடவில்லை. இரண்டு பேர் நன்றி சொல்லி எழுதியிருந்தார்கள். சொறிக்கல்முனையில் இருந்து ஒருவர் அவளுக்கென்று இரண்டு பூசணிக்காய் கொடுத்து விட்டிருந்தார்.

சந்தாவை நிறுத்தின மனிசன் எதற்குப் பூசணிக்காய் அனுப்புகிறார்?

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்த இருபத்தி மூன்று பேரின் போன் ஒலிப்பதிவுகளையும் திறந்தான். பெயர்கள் இல்லை. சந்தா இலக்கங்கள் மட்டும்.

முதல் பதிவு.

“மிஸ், நான் பவிதரன், சவளக்கடை. இண்டைக்கு ஒங்கட ஆப்பில நல்ல பச்சை காட்டுது. உழுற லேண்ட்மாஸ்டர வித்துட்டுப் பங்கு வாங்குவமா எண்டு யோசிக்கிறன்.”

“பச்சை எண்டா ஆக்கள் நம்பிக்கையாக் கதைக்கிறாங்க எண்டு மட்டும்தான் தம்பி. விலை கூடுமெண்டு இல்ல.”

“அப்ப நாளைக்குக் கூடாதா?”

“அது எங்களுக்கும் தெரியா.”

“அப்ப எனக்கு இது சரிவராது மிஸ். நிப்பாட்டிவிடுங்க.”

இரண்டாவதும் கிட்டத்தட்ட அதேதான். மூன்றாவது, ஹாஜறா என்றொரு ஆசிரியை. அவர் சண்டைக்கே வந்தார். கடைசியில் அவரும் “ஜஸாக்கல்லாஹ் தங்கச்சி” என்று நன்றி சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஹிஷாமுக்கு விளங்கிவிட்டது. ‘தெரியாது என்ற சொல் போனில் வரவே கூடாது’ என்று பயிற்சியின் முதல்நாளே சொல்லிக் கொடுத்தவன் அவன். இவள் வருகிற ஆளுக்கெல்லாம் அதையே சொல்லியிருக்கிறாள்.

களவு இல்லை என்பதில் ஒரு நிம்மதி. ஆனாலும் இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு எப்படித் தொழில் நடத்துவது? மிச்சப் பதிவுகளை ஓடவிட்டபடியே கடிதத்தைத் தட்டத் தொடங்கினான். ‘இம்மாதத்துடன் உங்கள் சேவை...’

பத்தொன்பதாவது பதிவு ஓடியது.

“மகள், எனக்கு வருசத்துக்கு எடுக்கிற பெரிய பெக்கேஜ் வேணும்.”

ஹிஷாமின் விரல்கள் நின்றுவிட்டன.

அது அவனுடைய வாப்பாவின் குரல்.

பாலமுனையில் இரண்டு ஏக்கர் வயல் செய்கிறவர். அவர் சந்தா எடுத்திருக்கிறார் என்பதே அவனுக்குத் தெரியாது. பதிவின் திகதியைப் பார்த்தான். மூன்று வாரத்துக்கு முந்தியது.

“பெரிய பெக்கேஜ் என்னத்துக்கு மாமா?” ஸுஹைறா கேட்டாள்.

“வயலுக்கு விலை பேசி ஆள் வந்திரிக்கி. அத வித்துப் பங்கில போட்டா, என்ட மகள்ற சீதன வீட்டக் கெதியாக் கட்டி முடிச்சிரலாம். மாப்பிள்ள பக்கத்தால கேட்டுக்கிட்டே இரிக்காங்க.”

“நட்டம் வந்தா?”

“எப்பிடி வரும்? என்ட மகன் ஹிஷாம் அங்கதானே பெரியாள்! ஊர் ஊராக் கூட்டம் வெச்சி ஆக்களச் சேக்கிறான். ஊராக்களுக்கு நல்லதெண்டா அவன்ட வாப்பாக்கும் நல்லதுதானே மகள்?”

“அவரிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“காசு கையில வந்த பொறகு சொல்லுவம் எண்டு இரிக்கன். சந்தோசப்படுவான்.”

ஹிஷாம் போன வெள்ளி வாப்பாவோடு அந்த வயலுக்குத்தான் போயிருந்தான். விதைப்பு முடிந்திருந்தது. வரம்பில் நின்ற வாப்பா விலை பேசி ஆள் வந்ததைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ஸுஹைறாவும்தான், கொஞ்சம் முன்னர் இதே மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு, வாயைத் திறக்கவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் அவள் வேறு யாருடனோ போனில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

பதிவில் அவளுடைய குரல் தணிந்தது.

“சேர் நல்ல மனிசன்தான் மாமா, எங்களுக்கு ஒரு குறையும் வெச்சதில்ல. ஆனா, ‘நீங்க பங்கு வாங்கலயா சேர்?’ எண்டு நாங்க கேட்டா, ‘என்ட காசயா?’ எண்டு சிரிப்பார். நீங்க வயல விக்காதீங்க.”