யார் போட்ட பிரேக்?

தான் எழுதிய புரோகிராமுக்குள் தான் எழுதாத ஒரு வார்த்தை உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் சீனியருக்குச் சுருக்கென்றது. ‘பிரேக்.’ யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

வருகைப் பதிவில் முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை ஒவ்வொருவராக அலசி, அனுமதியில்லாமல் அளவுக்கு மீறி லீவு போட்டவர்களைத் திரையில் காட்ட வேண்டிய புரோகிராம் அது. பெயர் வந்தவர்களுக்கு இந்த மாதத்தோடு வேலை இல்லை. புது மேனேஜர் நம்பி அவளிடம்தான் கொடுத்திருந்தார்.

ஓட்டிப் பார்த்தால் ஒரே பெயர். பக்கத்து சீட்டுக்காரி! முதல் பெயர் சிக்கியதுமே பிரேக் வந்து, மேற்கொண்டு யாரையும் பார்க்காமல் புரோகிராம் நின்றுவிடுகிறது. தன்னைத் தவிர இதைத் திறக்கத் தெரிந்தவளும் அந்தப் பக்கத்து சீட்டுக்காரிதான்.

“நீதானே போட்டே?”

“எதைக்கா?” பக்கத்து சீட்டுக்காரி நிமிரவில்லை.

வேலை போகப்போகிறவள் முகத்தில் ஒரு பதற்றம் வேண்டாமா? அதுதான் சீனியருக்கு இடித்தது. தன் பெயரை விட்டுக்கொடுத்து, பட்டியலில் பின்னால் இருக்கிற யாரையோ மறைக்கிறாள். வேறு யார், கணக்குப் பிரிவுக்காரன்தான். கேன்டீனில் இரண்டும் இளிக்கிற இளிப்பை ஆபீஸே பார்க்கிறதே.

“அவனுக்காக உன் வேலையையே விடுவியா? புத்தி கெட்டுப்போச்சா?”

“எவனுக்காக? விடுங்கக்கா. ஒரு பேர் வந்துடுச்சுல்ல, அதையே கொடுத்துடுங்க.”

கொடுத்துவிட்டு, நாளைக்கு விஷயம் வெளியே வந்தால் யார் தலை உருளும்? மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, “நீங்க போய்ப் புள்ளையைப் பாருங்கம்மா” என்று வாய்வார்த்தையிலேயே அனுப்பிவைத்த பழைய மேனேஜர் இப்போது இல்லை. வீட்டில் அடுப்பெரிவது அவள் சம்பளத்தில். புதியவரிடம் நல்ல பெயர் வாங்கினால்தான் பிழைப்பு.

“சார், ஒரு நிமிஷம் வாங்களேன்!”

மேனேஜர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

“அக்கா, வேண்டாம்க்கா.” பக்கத்து சீட்டுக்காரி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

மாட்டிக்கொண்டாளா! சீனியருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கையை உதறினாள். “யாரோ இதுல விளையாடியிருக்காங்க சார். இப்பப் பாருங்க” என்று பிரேக்கை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள்.

முதல் பெயர் வந்தது. இரண்டாவதும் வந்தது. கடைசி ஆள்வரை அலசிவிட்டு, அத்தோடு முடிந்தது. கணக்குப் பிரிவுக்காரன் அதில் இல்லை.

இரண்டாவது பெயர் சீனியருடையது. பழைய மேனேஜர் வாயால் கொடுத்த லீவு எதுவும் அனுமதியாகப் பதிவில் ஏறவே இல்லை.

“ரெண்டு பேரா? சரி” என்று சொல்லிவிட்டு மேனேஜர் தன் அறைக்கு நடந்தார். சீனியர் மெதுவாகப் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

“நான் ஒருத்தி போனாப் போதும்னு நினைச்சேன்க்கா.”