முகப்பேர் மல்லிகா

“மல்லிகாக்காவைக் கண்டுபிடிக்காம இந்தப் பத்தாம் ஆண்டு விழாவே வேண்டாம்ங்க,” என்றாள் தாட்சாயிணி, தோசையைத் தட்டில் போட்டபடி.

கணவன் செல்வகுமார் பிய்த்த தோசையைத் தட்டிலேயே வைத்தான்.

“பத்து வருஷம் ஆச்சு. அந்தம்மா இப்ப எந்த ஊர்லயோ.”

“எந்த ஊரா இருந்தா என்ன? ‘கேட் போட்டாச்சு’க்கு முதல் வாசகி அவங்கதான். ஞாயித்துக்கிழமை முதல் பொன்னாடை அவங்களுக்குத்தான். தளத்துல அறிவிப்பும் போட்டுட்டேன்.”

‘கேட் போட்டாச்சு’ என்பது தாட்சாயிணியின் இணையதளம். பட்டாபிராம் ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டு நின்ற ஒரு மாலையில், பொழுது போகாமல் செல்போனில் எழுத ஆரம்பித்த வலைப்பூ. கேட்டை எப்போது மூடுகிறார்கள், எந்தக் கடை மாவு புளிக்கிறது, யார் வீட்டுப் பூனையைக் காணோம், எல்லாம் எழுதுவாள். இன்றைக்கு அதில் பதினோராயிரம் உறுப்பினர்கள். போன மழையில் தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, தரைவீட்டுக்காரர்களுக்கு மாடிவீடுகளில் இடம் பிடித்துக் கொடுத்தது அந்தத் தளம்தான். அதுவும் ஒரே மத்தியானத்தில்.

வீட்டில் வாயைத் திறக்காத செல்வகுமார், ஃபேக்டரியில் எந்தப் பேச்சை எடுத்தாலும் சுற்றிவளைத்து மனைவியின் தளத்தில் கொண்டு வந்து நிறுத்திவிடுவான். அவ்வளவு பெருமை. இருக்காதா பின்னே?

இப்போது அந்தப் பெருமைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

மறுநாள் ஃபேக்டரி வாசலில், காலையில் ஒப்படைத்த செல்போனைத் திரும்ப வாங்கும் வரிசையில் நின்றபடி, கூட வேலை பார்க்கும் சம்பத்திடம் உண்மையைச் சொன்னான்.

“முகப்பேர் மல்லிகான்னு யாரும் இல்ல சம்பத். அது நான்தான்.”

“இன்னாபா சொல்ற?”

“ஆரம்பத்துல அவ எழுதினதை ஒரு ஈ காக்கா படிக்கல. மூஞ்சி வாடிப் போய் உக்காந்திருப்பா. நேர்ல ஆறுதல் சொல்ல எனக்கு வராது. அதான் ஒரு பொம்பளை பேர்ல, ‘அருமையா எழுதுறே தங்கச்சி’ன்னு பின்னூட்டம் போட்டேன். அப்படியே ரெண்டு வருஷம் ஓடிச்சு. நிஜமான வாசகர்கள் வந்ததும் நிறுத்திட்டேன்.”

“நல்லதுதானே பண்ணிக்கீற. சொல்லிட்டுப் போயேன்.”

“‘நம்ம எழுத்தை ஒருத்தரும் படிக்கல, புருஷன் பரிதாபப்பட்டுப் படிச்சிருக்கான்’னு அவளுக்குத் தோணிட்டா? பத்து வருஷ சந்தோஷம் ஒரு நிமிஷத்துல போயிடும்.”

சம்பத் மோவாயைச் சொறிந்தான்.

“வுடு மாமே. என் சம்சாரம் சரசா கீறா இல்ல? உன் ஊட்டுக்காரி அவளை நேர்ல பார்த்ததே இல்ல. மல்லிகான்னு சொல்லிக்கினு வந்து பொன்னாடையை வாங்கிக்கினு போவட்டும்.”

செல்வகுமாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் உட்கார இடமில்லை. தாட்சாயிணி ஒலிபெருக்கியைப் பிடித்தாள்.

“என் எழுத்துக்கு முதல் பின்னூட்டம் போட்ட மல்லிகாக்கா மேடைக்கு வாங்க.”

மூன்றாவது வரிசையில் பட்டுப்புடவை சரசரக்க சரசா எழுந்து நின்றாள்.

தாட்சாயிணி அவளைப் பார்த்துச் சிரித்தாள். “சம்பத் அண்ணன் வீட்டு சரசாக்காதானே? போன தீபாவளிக்கு அதிரசத் தட்டோட தளத்துல படம் போட்டிருந்தீங்களே. வந்ததுல ரொம்ப சந்தோஷம். உக்காருங்கக்கா.”

பதினோராயிரம் பேரின் முகமும் தன் மனைவிக்கு அத்துப்படி என்பதைச் செல்வகுமார் எப்படித்தான் மறந்தானோ. சரசா பொத்தென்று உட்கார்ந்தாள். சம்பத் தலைக்கு மேலே ஓடிய மின்விசிறியை ரொம்ப அக்கறையாகப் பார்த்தான்.

“மல்லிகாக்கா முகப்பேர்ல நாள் பூரா வீட்டுலயே இருக்கிறதாத்தான் சொல்வாங்க,” என்று தாட்சாயிணி தொடர்ந்தாள். “ஆனா பகல்ல ஒரு பின்னூட்டம் கிடையாது. ஃபேக்டரியில சங்கு ஊதி, வாசல்ல செல்போன் கைக்கு வந்து, சரியா அஞ்சு பத்துக்குத்தான் போடுவாங்க. ஓவர்டைம் இருந்தா ஏழரைக்கு. ஞாயித்துக்கிழமை அவங்களுக்கும் லீவு.”

மண்டபத்தில் பாதிப் பேர் ஃபேக்டரிக் குடும்பங்கள். முன்வரிசையில் ஒருவர் சிரிக்க, மொத்த மண்டபமும் சிரித்தது. எல்லாத் தலைகளும் செல்வகுமார் பக்கம் திரும்பின.

தாட்சாயிணி ஒலிபெருக்கியை வைத்துவிட்டு, பொன்னாடையோடு இறங்கி வந்தாள். செல்வகுமார் வேர்த்துக் கொட்ட எழுந்து நின்றான்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“ரெண்டாவது வாரமே.”

“தெரிஞ்சுமா ரெண்டு வருஷம் எழுதினே? அப்போ வேற யாருமே படிக்கலையே தாட்சா.”

அவள் பொன்னாடையை அவன் தோளில் போர்த்தி, இரண்டு பக்கமும் இழுத்துச் சரி செய்தாள்.

“கல்யாணமான புதுசுல வீட்டுல நீங்க ஒரு நாளைக்குப் பேசுறதே நாலு வார்த்தை. ‘சாப்பாடு போடு’, ‘லைட்டை அணை’. என்கிட்ட அரைப் பக்கம் அரைப் பக்கமாப் பேசினது மல்லிகாக்காதான். அந்தப் பேச்சு நின்னுடக் கூடாதேன்னுதான் தினமும் எழுதினேன். இந்தப் பதினோராயிரம் பேரும் நடுவுல வந்து சேர்ந்தவங்கங்க.”