சொந்தச் சாகுபடி

“நல்லாப் பாருங்க தம்பி. சாமிதுரைன்னு இருக்கும்.”

எழுத்தர் அஹமது கபீர் மூன்றாம் முறையாகக் கணினித் திரையைப் பார்த்தார்.

“இல்லைங்க. உரிமையாளர் துரைராசு. பயிரிடுபவர்னு இருக்கற கட்டத்துல ‘சொந்தச் சாகுபடி’ன்னுதான் இருக்கு.”

சாமிதுரையும் அவர் மனைவி ரெங்கம்மாளும் ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து முதல் பேருந்தில் தஞ்சாவூருக்கு வந்திருந்தனர். துரைராசுவின் ஒன்றரை ஏக்கரை இருபத்திரண்டு ஆண்டுகளாக வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவர் சாமிதுரை. தை அறுவடையோடு வெளியேறிவிட வேண்டும், தென்னை வைக்கப் போகிறேன் என்று துரைராசு சொல்லிவிட்டார். குத்தகைதாரர் என்று பெயர் பதிவாகியிருந்தால் அவ்வாறு வெளியேற்ற முடியாது.

“கிராமக் கணக்குல எம் பேரு இருந்துச்சே?”

“பென்சில்ல இருந்துச்சு. மையில எழுதினதை மட்டும்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னு உத்தரவு.”

குத்தகைக்காரரின் பெயரைப் பென்சிலில் எழுதுவது அந்தப் பகுதியின் வழக்கம். நிலக்காரர் விரும்பும்போது அழித்துக்கொள்ளலாம்.

“யாரு போட்ட உத்தரவு?” என்றார் ரெங்கம்மாள்.

கபீர் கண்ணாடி அறையைப் பார்த்தார். மாவட்ட நில ஆவணக் கணினிப் பிரிவின் தலைவி மங்களாம்பிகை அங்கே அமர்ந்திருந்தார். அவர் துரைராசுவின் ஒரே மகள்.

ரெங்கம்மாள் குரலைத் தாழ்த்தவில்லை.

“அப்பா வயலைப் பாத்துக்கறாரு. பொண்ணு பொட்டியைப் பாத்துக்குது.”

மங்களாம்பிகை எழுந்து வெளியே வந்தார்.

“பென்சில் எழுத்தை யார் வேணும்னாலும் எழுதலாம். அதை ஏத்த முடியாது. குத்தகைப் பதிவு அதிகாரிகிட்ட மனுக் கொடுத்திருக்கீங்கல்ல? அங்கே சாட்சியைக் கூட்டிட்டுப் போங்க. ஆணை வந்தால் ஏத்துறேன்.”

“உங்கப்பாவுக்கு எதிரா ஊர்ல யாரும்மா சாட்சி சொல்லுவா?” என்றார் சாமிதுரை.

“அதை நான் எப்படிச் சொல்ல முடியும்?”

“உழுதவனுக்குத்தான் நெலம்னு மேடைக்கு மேடை பேசினாங்க. எந்தக் கொடி வந்து என்ன, ஏட்டுல எங்க பேரு மையில ஏறலை” என்று சொல்லிக்கொண்டே ரெங்கம்மாள் கணவரை அழைத்துக்கொண்டு படியிறங்கினார்.

கபீருக்கு மனம் பொறுக்கவில்லை.

“மேடம், அடுத்த திங்கட்கிழமை அமைச்சர் வந்து கம்ப்யூட்டர் பதிவைத் தொடங்கி வச்சிட்டார்னா பழைய ஏடெல்லாம் மூடிடுவாங்க. அப்புறம் நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கறதுதான் செல்லும். ஒரு பேருதானே? நான் தட்டிடுறேன். யாருக்கும் தெரியாது.”

“யாருக்கும் தெரியாம நீங்க ஏத்தினதை, யாருக்கும் தெரியாம இன்னொருத்தர் அழிப்பாரு. ஆதாரம் இல்லாம ஓர் எழுத்துகூட உள்ளே போகக் கூடாது.”

அவ்வளவோடு அவர் நிற்கவில்லை. அந்த நிலத்தின் புல எண்ணை மட்டும் யாரும் திருத்த முடியாதபடி தம் கடவுச்சொல்லைக் கொண்டு பூட்டினார். மறுநாளும் அதற்கு மறுநாளும் விடுப்பு எடுத்துக்கொண்டார். தொடக்க விழாவுக்கு முந்தைய வாரத்தில் தலைவியே விடுப்பு எடுத்ததைப் பற்றி அலுவலகத்தில் பேசாதவர் இல்லை.

வியாழக்கிழமை காலை ரெங்கம்மாள் தனியாக வந்து, மங்களாம்பிகையின் மேசைக்கு முன்னால் நின்றார்.

“நேத்து குத்தகை அதிகாரி ஆபீசு வராந்தாவுல நாங்க நாள் முழுக்கக் காத்துக் கெடந்தோம். நீங்க உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டு ஒரு மணி நேரம் பேசினீங்க. என்னம்மா பேசினீங்க?”

“அதை நான் உங்ககிட்டச் சொல்லக் கூடாது.”

“சொல்ல வேணாம். எங்களுக்குப் புரியாதா? அவரு ரெண்டு நாளாச் சோறு திங்கலை. அதையாவது உங்கப்பாகிட்டச் சொல்லுங்க. சந்தோசப்படுவாரு.”

மங்களாம்பிகை தலை நிமிரவில்லை.

“நாளைக்கு மத்தியானம் ரெண்டு பேரும் வாங்க.”

வெள்ளிக்கிழமை நண்பகலில் குத்தகைப் பதிவு அதிகாரியிடமிருந்து முத்திரையிட்ட உறை ஒன்று வந்தது. மங்களாம்பிகை அதைப் பிரிக்காமலே கபீரிடம் நீட்டினார்.

“படிச்சுப் பாத்து அப்படியே ஏத்துங்க. பூட்டைத் திறந்து வச்சிருக்கேன். அச்செடுத்து, சரிபார்த்தவர் இடத்துல நீங்களே கையெழுத்துப் போடுங்க.”

“எல்லாக் கிராமத்துக்கும் நீங்கதானே மேடம் போட்டீங்க?”

“இதுல நான் போடக் கூடாது.”

தகப்பனார் வழக்கின் காகிதத்தைப் பிரிக்கக்கூட இவருக்கு மனம் வரவில்லை போலும் என்று கபீர் எண்ணிக்கொண்டார். அப்போதுதான் மங்களாம்பிகையின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டியும் சுருட்டிக் கட்டிய படுக்கையும் இருந்ததைக் கண்டார்.

“ஊருக்கா மேடம்?”

“இல்லை. மகளிர் விடுதிக்கு. இனிமே அங்கேதான்.”

சொல்லிவிட்டு, விழாப் பந்தலுக்கு மின்இணைப்பு வந்துவிட்டதா என்று பார்க்க அவர் வெளியே சென்றுவிட்டார்.

சாமிதுரையும் ரெங்கம்மாளும் வந்தபோது தாள் அச்சாகி வெளியே வந்துகொண்டிருந்தது.

“பயிரிடும் குத்தகைதாரர், சாமிதுரை” என்று கபீர் படித்தார்.

சாமிதுரை மேசைக்கு அருகே குனிந்தார்.

“எங்கே, இன்னொரு தடவை படிங்க.”

கபீர் மீண்டும் படித்தார்.

“கடவுளாப் பாத்து அந்த அதிகாரிக்கு நல்ல புத்தியக் குடுத்திருக்காரு” என்றார் ரெங்கம்மாள். கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்து, “அந்தம்மா என்ன பேசியும் நடக்கலை பாத்தீங்களா. எதை வச்சுத் தம்பி நம்ம பக்கம் எழுதினாங்க?”

கபீர் ஆணையின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். முதல் பக்கத்தை மட்டும் பார்த்துப் பெயரை ஏற்றியிருந்த அவர் அதை அப்போதுதான் படித்தார்.

“ஆதாரம், ஒரே சாட்சி: ‘சாமிதுரை இருபத்திரண்டு ஆண்டுகளாக அறுவடைதோறும் எங்கள் வீட்டுக் களத்தில் குத்தகை நெல் அளந்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன். இப்படிக்கு, மங்களாம்பிகை, தகப்பனார் பெயர் துரைராசு.’”